நாடு ஒன்றியத்துக்கு வெளியே, குடிமக்கள் உள்ளே: இது நடக்குமா?

மூன்றாம்பிறை எழுதியது:

இரண்டு நாளாக ஒரு நண்பரோடு வாக்குவாதம். ஸ்பெயினின் கட்டலோனியா, பிரிட்டனின் ஸ்காட்லாந்து மாதிரி ஒரு பகுதி தனி நாடானால் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடருமா என்று ஆரம்பித்தது. "ஒன்றியத்தின் சட்டமெல்லாம் ஏற்கெனவே அங்கே நடைமுறையில் இருக்கிறது, அப்படியே தொடர வேண்டியதுதானே?" என்பது அவர் கட்சி. உறுப்பினராகச் சேர்ந்தது நாடு, அதன் ஒரு பகுதி அல்ல, பிரிந்தால் வெளியேதான் என்பது என் கட்சி. அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்: "சரி, நாடு வெளியே போகட்டும். அங்கே இருப்பவர்கள் கையில் ஸ்பெயின் பாஸ்போர்ட் இருக்கிறதே, அதை யார் பிடுங்குவார்கள்?"

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அதற்கு வேறு இழைகள் ஏகப்பட்டவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடற்காகம் எழுதியது:

முதல் பாதியில் நீங்கள் சொன்னதுதான் சரி. 2004-ல் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரொமானோ ப்ரோடி, ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு எழுத்திலேயே பதில் கொடுத்திருக்கிறார்: உறுப்பு நாட்டிலிருந்து ஒரு பகுதி பிரிந்து தனி நாடானால், அந்த நாளிலிருந்து ஒன்றிய ஒப்பந்தங்கள் அங்கே செல்லாது. வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அடுத்து வந்த பரோசோவும் இதையே பிடித்துக்கொண்டார். 2014 பிப்ரவரியில் பிபிசி பேட்டியில், மற்ற எல்லா நாடுகளின் சம்மதத்தையும் ஸ்காட்லாந்து பெறுவது மிகக் கடினம், ஒருவேளை முடியாமலே போகலாம் என்றார். ஒன்றிய ஒப்பந்தத்தில் சேர்வதற்கான 49-ஆம் பிரிவு எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதத்தையும் கேட்கிறது. ஒரே ஒரு நாடு தலையை ஆட்டாவிட்டாலும் கதை முடிந்தது.

உங்கள் நண்பரின் இரண்டாவது கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. ஒன்றியம் தானாக யாருக்கும் குடியுரிமை கொடுப்பதில்லை. உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை உள்ளவர் ஒன்றியத்தின் குடிமகன், அவ்வளவுதான். அவர் எந்த ஊரில் வாழ்கிறார் என்பது கணக்கில் வராது. ஸ்பெயின் அரசியல் சட்டத்தின் 11-ஆம் பிரிவோ, பிறப்பால் ஸ்பானியரான ஒருவரின் குடியுரிமையைப் பறிக்கவே முடியாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டலோனியா வெளியே, ஆனால் அங்கே வாழும் லட்சக்கணக்கான பேர் ஒன்றியக் குடிமக்கள்!

இதில் ஸ்பெயின் பிரதமரே வழுக்கி விழுந்த கதை உண்டு. 2015 செப்டம்பரில் மரியானோ ரஹோய் ஒரு வானொலிப் பேட்டியில், பிரிந்தால் கட்டலான் மக்கள் ஐரோப்பியக் குடியுரிமையை இழப்பார்கள் என்று அழுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேட்டி எடுத்த கார்லோஸ் அல்சினா, ஸ்பானியக் குடியுரிமையைத்தான் பறிக்க முடியாதே, அது இருந்தால் ஐரோப்பியக் குடியுரிமையும் இருக்குமே என்று இழுத்தார். ரஹோய் திணறி, "அப்போ ஐரோப்பியக் குடியுரிமை?" என்று அவரிடமே திருப்பிக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. ஸ்பெயினில் அந்தத் துண்டை ஓட்டி ஓட்டிச் சிரித்தார்கள்.

சும்மா_ஒருவன் எழுதியது:

அப்படியென்றால் பிரிந்து போவதுதான் லாபம். ஒன்றியத்துக்குச் சந்தா கட்ட வேண்டாம், சலுகை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். 😀

நிழல்வரி எழுதியது:

கடற்காகம் அண்ணா சொன்னதில் பாதிதான் இருக்கிறது. "பறிக்க முடியாது" என்பதும் "இழக்க முடியாது" என்பதும் ஒன்றில்லை. ஸ்பெயினின் குடிமைச் சட்டம் 24-ஆம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் ஸ்பானியர் தானாக விரும்பி வேறு குடியுரிமை வாங்கினால், மூன்று ஆண்டுகளில் பழையது போய்விடும். அதற்குள் "எனக்கு இது வேண்டும்" என்று பதிவு செய்தால் தப்பிக்கலாம். லத்தீன் அமெரிக்க நாடுகள், அந்தோரா, பிலிப்பைன்ஸ், எக்குவடோரியல் கினி, போர்ச்சுகல் குடியுரிமைகளுக்கு விலக்கு உண்டு. புதிய கட்டலோனியா அந்தப் பட்டியலில் வருமா? அதை ஸ்பெயின் அரசுதான் முடிவு செய்யும்.

எதிர்வாதமும் இருக்கிறது. ஒரு நாள் காலையில் புதிய அரசு எல்லோரையும் மொத்தமாகக் குடிமக்கள் என்று அறிவித்தால், அது "விரும்பி வாங்கியது" ஆகுமா? யாரும் விண்ணப்பமே போடவில்லையே. என் கணக்கில் ஆகாது. ஆனால் அடுத்த மாதம் ஒருவர் வரிசையில் நின்று புதிய பாஸ்போர்ட் வாங்கும்போது? அங்கே வழக்கறிஞர்களுக்கு வேலை கிடைத்துவிடும்.

அப்புறம், ஐரோப்பிய நீதிமன்றம் இந்த விஷயத்தில் இரக்கமே காட்டவில்லை. பிரிட்டன் வெளியேறியபின், 1980-களிலிருந்து பிரான்ஸில் வாழ்ந்துவரும் ஒரு பிரிட்டிஷ் பெண்மணியின் உள்ளூர் வாக்குரிமை போனது. வழக்கு போனது. 2022 ஜூனில் தீர்ப்பு: நாடு வெளியேறியதும் ஒன்றியக் குடியுரிமையும் தானாகவே போய்விடுகிறது. எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்தார் என்பதெல்லாம் செல்லுபடியாகவில்லை.

கடற்காகம் எழுதியது:

நிழல்வரி, 24-ஆம் பிரிவு விஷயத்தில் உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் பெண்மணியின் வழக்கு இங்கே பொருந்தாது. அங்கே வெளியேறியது தாய் நாடே. அவரிடம் இருந்த ஒரே குடியுரிமை அதுதான், கூடவே எல்லாம் போனது. இங்கே ஸ்பெயின் உள்ளேயே இருக்கிறது.

இதற்கு உயிருள்ள உதாரணம், சைப்ரஸ் அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத வடக்கு சைப்ரஸ். 2004 மே 1-ல் சைப்ரஸ் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, வடக்கே ஒன்றியச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இன்றுவரை அப்படித்தான். ஆனால் அங்கே வாழும் துருக்கிய சைப்ரஸ் மக்களில் ஏராளமானோர் சைப்ரஸ் குடியரசின் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். மண்ணில் ஒன்றியச் சட்டம் கிடையாது, மனிதர் ஒன்றியக் குடிமகன். சும்மா_ஒருவன் கிண்டலாகச் சொன்னது இருபது ஆண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

கிரீன்லாந்தும் இப்படித்தான். 1982-ல் வாக்கெடுப்பு, 1985-ல் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து வெளியேற்றம். மீன்பிடி உரிமைதான் பெரிய காரணம். டென்மார்க்கின் ஆட்சிப் பரப்பிலேயே இருப்பதால் டேனிஷ் குடியுரிமை தொடர்கிறது, அதன் வழியே ஒன்றியக் குடியுரிமையும். ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் கிரீன்லாந்தில் நடப்பதில்லை.

மூன்றாம்பிறை எழுதியது:

வடக்கு சைப்ரஸ் உதாரணத்தை அவரிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு "பார்த்தாயா, நான்தான் ஜெயித்தேன்" என்றார். ஜெயித்தது யார் என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது.

ஐ.நா. சபையில் எப்படி? அங்கேயும் புதிதாக வரிசையில் நிற்க வேண்டுமா?

தாளடி எழுதியது:

இதற்கு 1947-லேயே ஒரு வழி வகுத்துவிட்டார்கள். பிரிவினைக்கு முன்பே இந்தியா ஐ.நா. உறுப்பினர். பிரிந்தபோது, பழைய இருக்கை இந்தியாவுக்கு, பாகிஸ்தான் புது நாடாக விண்ணப்பிக்கட்டும் என்று முடிவானது. பாகிஸ்தான் 1947 செப்டம்பர் 30-ல் சேர்ந்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் இதே கதைதான். வீட்டில் தங்குகிறவனுக்கு இருக்கை, வெளியே போகிறவனுக்கு விண்ணப்பப் படிவம்.

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் இருக்கையில், தடுப்பதிகாரத்தோடு (வீட்டோ) சேர்த்து, ரஷ்யா உட்கார்ந்தது. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1-ல் பிரிந்தபோது இரண்டுமே பழைய இருக்கைக்கு உரிமை கோரவில்லை. இருவரும் புதிதாக விண்ணப்பித்து ஜனவரி 19-ல் ஒரே நாளில் சேர்ந்தார்கள். யூகோஸ்லாவியாவில்தான் ரகளை. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் "நாங்கள்தான் பழைய யூகோஸ்லாவியா" என்றார்கள். 1992-ல் பொதுச்சபை அதை ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு ஆண்டு முரண்டு பிடித்துவிட்டு, 2000 நவம்பரில் புது உறுப்பினராகவே வந்து சேர்ந்தார்கள்.

வரிசையில் எவ்வளவு நேரம் என்பது பிரிந்த விதத்தைப் பொறுத்தது. தெற்கு சூடான் 2011 ஜூலை 9-ல் பிறந்து ஐந்தாம் நாளே 193-ஆவது உறுப்பினர். சூடானே அங்கீகரித்துவிட்டதால் தடை சொல்ல ஆளில்லை. வங்கதேசத்தின் விண்ணப்பத்தை 1972-ல் சீனா தன் தடுப்பதிகாரத்தால் நிறுத்தியது, 1974 செப்டம்பரில்தான் உள்ளே வர முடிந்தது. 2008-ல் செர்பியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்த கொசோவோ இன்னும் வெளியே. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் அதை நாடாக ஏற்கவில்லை.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? சர்வதேச நாணய நிதியம் மட்டும் யூகோஸ்லாவியாவின் துண்டுகளையும் செக், ஸ்லோவாக்கியாவையும் வாரிசு நாடுகளாகவே எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்தவன் வாரிசைத் தேடித்தானே போவான்!

சும்மா_ஒருவன் எழுதியது:

தாளடி ஐயா, கடைசி வரிக்காகவே ஒரு விருப்பம் போட்டேன்.

நிழல்வரி எழுதியது:

ஸ்காட்லாந்துப் பக்கமும் போய்விடலாம். அங்கே வழி வேறு மாதிரி. 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பை லண்டனே ஒப்புக்கொண்டு நடத்தவிட்டது. முந்தைய ஆண்டே ஸ்காட்லாந்து அரசு ஒரு வெள்ளை அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தது: பிரியும் நாளில் ஸ்காட்லாந்தில் வழக்கமாக வசிக்கும் பிரிட்டிஷ் குடிமக்களும், ஸ்காட்லாந்தில் பிறந்து வேறிடத்தில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்களும் தானாகவே ஸ்காட்லாந்துக் குடிமக்கள். இரட்டைக் குடியுரிமைக்கும் தடையில்லை.

ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமையை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்பது ஸ்காட்லாந்தின் கையில் இல்லை. அதை அப்போதிருக்கும் பிரிட்டிஷ் அரசு முடிவு செய்யும் என்று லண்டன் சொல்லிவிட்டது. நாம் பேசுகிற விஷயத்தின் மொத்த முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. புதிய நாடு தன் குடியுரிமையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பழைய குடியுரிமை நிற்குமா போகுமா என்பதைப் பழைய நாடுதான் எழுதும்.

ஒன்றியத்தில் தொடர்வதற்கு, 49 வேண்டாம், 48-ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தத்தைத் திருத்திப் பிரிவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பது ஸ்காட்லாந்து அரசின் திட்டம். ஒன்றியத் தலைமையகமான பிரசல்ஸ் அதற்கு முகம் கொடுக்கவில்லை. 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றதால் அது சோதிக்கப்படாமலே போனது. ஒன்றியத்தில் இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள் என்பது அப்போதைய பிரசாரத்தில் ஒரு பெரிய வாதம். இரண்டே ஆண்டில் பிரிட்டன் முழுவதும் வெளியேற வாக்களித்தது, ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் தொடர வேண்டும் என்று சொன்ன பிறகும்.

இப்போது அங்கே நிலைமை தலைகீழ். பிரிந்தால் ஒன்றியத்திலிருந்து வெளியேற்றுவார்களே என்ற பயத்துக்கே இடமில்லை, ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இனி ஒன்றியத்துக்குள் அழைத்துப்போகாது.

பனிமூட்டம் எழுதியது:

இதெல்லாம் பாஸ்போர்ட் கையில் இருப்பவர்களின் கவலை. இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கதை யாராவது சொல்வீர்களா என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

ஸ்லோவேனியா 1991-ல் பிரிந்தபோது, மற்ற யூகோஸ்லாவியக் குடியரசுகளிலிருந்து வந்து அங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. அதற்குள் விண்ணப்பித்தால் குடியுரிமை. பலர் விண்ணப்பிக்கவில்லை, சிலருக்கு மறுக்கப்பட்டது. 1992 பிப்ரவரி 26-ல், 25,671 பேரின் பெயர் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. கடிதம்கூடப் போகவில்லை. வேறு ஏதோ காரியத்துக்கு அலுவலகம் போனபோதுதான் பலருக்கும் தாங்கள் "இல்லை" என்பது தெரிந்தது. வேலை, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவேட்டில் தொங்கிக்கொண்டிருந்தவை. அவர்களுக்கு ஸ்லோவேனிய மொழியில் "அழிக்கப்பட்டவர்கள்" என்றே பெயர். இருபது ஆண்டு கழித்து, 2012-ல்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது.

சோவியத்திலிருந்து பிரிந்த லாட்வியா வேறு வகை. 1940-க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டும் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. சோவியத் காலத்தில் வந்து குடியேறிய ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் "குடிமக்கள் அல்லாதோர்" ஆனார்கள். அதற்கென்றே ஒரு பாஸ்போர்ட்! 2004-ல் லாட்வியா ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்தப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் ஒன்றியக் குடிமக்கள் ஆகவில்லை. கடற்காகம் சொன்ன வடக்கு சைப்ரஸுக்கு இது நேர் எதிர்: மண் உள்ளே, மனிதர் வெளியே. 2020-லிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் தானாகக் குடியுரிமை என்று சட்டம் மாறியது.

தாளடி எழுதியது:

பனிமூட்டம் சொன்னது நமக்குப் புதிதில்லை. 1948-ல் சிலோன் சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் எண் 18. பரம்பரைக் குடியுரிமைக்கு, தகப்பன் சிலோனில் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தலைமுறைகளாகத் தோட்டத்தில் வேலை செய்த மலையகத் தமிழரிடம் அதற்கான காகிதம் எங்கே இருந்தது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறக்க 2003 சட்டம் வரை ஆனது.

இன்னொன்று. பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். 1963-ல் கென்யா சுதந்திரம் பெற்றபோது, அங்கிருந்த தெற்காசிய வம்சாவளியினர் கென்யக் குடியுரிமை கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போதும் என்று பலர் இருந்துவிட்டார்கள். 1968-ல் அவர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கியதும், மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி உள்ளே வரும் உரிமையை எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கவில்லை. அதை வைத்து உள்ளே போக முடியாது, அவ்வளவுதான்.

சும்மா_ஒருவன் எழுதியது:

இலங்கையும் கென்யாவும் காலனி விடுதலை. இந்த இழை பகுதி பிரிவதைப் பற்றியது இல்லையா? அப்புறம் இலங்கையில் யார் செய்தது தப்பு என்று ஆரம்பித்தால்...

மட்டுறுத்துநர்:

ஆரம்பிக்க வேண்டாம். குடியுரிமைச் சட்டம் வரைக்கும் பேசலாம், அதைத் தாண்டினால் பதிவு நீக்கப்படும்.

பனிமூட்டம் எழுதியது:

சும்மா_ஒருவன் கேட்டது நியாயம்தான். சரி, பகுதி பிரிந்த உதாரணமே தருகிறேன். தெற்கு சூடான் பிரிந்த கையோடு சூடான் தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது: சட்டப்படியோ நடைமுறையிலோ தெற்கின் குடியுரிமை பெற்றவருக்கு வடக்கின் குடியுரிமை போய்விடும். வாழ்நாள் முழுக்க வடக்கின் தலைநகர் கார்ட்டூமிலேயே இருந்தவர்கள், தெற்கைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள்கூட, அன்னியர் ஆனார்கள். தாளடி ஐயா சொன்ன அந்த ஐந்து நாள் வேகம் இந்த மக்களுக்கு ஒரு பயனும் தரவில்லை.

எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த எரித்திரியா இன்னும் மோசம். 1993 ஏப்ரல் வாக்கெடுப்பில் எத்தியோப்பியாவில் வாழ்ந்த எரித்திரியர்களும் வாக்களித்தார்கள். எத்தியோப்பிய அரசே அதற்கு ஒத்துழைத்தது. அதன்பிறகும் அவர்கள் எத்தியோப்பியப் பாஸ்போர்ட்டோடு வழக்கம்போல வாழ்ந்தார்கள். 1998-ல் இரண்டு நாடும் போருக்குப் போனதும் வாக்காளர் பட்டியல் வெளியே வந்தது. நீ வாக்களித்தாய், அதனால் நீ எரித்திரியன், வெளியே போ. பல்லாயிரம் பேர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு நாடும் ஏற்ற இழப்பீட்டு ஆணையம் 2004-ல், இவர்கள் இரண்டு குடியுரிமையும் உள்ளவர்கள் என்றது. சில பிரிவினரின் எத்தியோப்பியக் குடியுரிமையை நீக்கியது போர்க்காலத்தில் செல்லும், வேறு சில பிரிவினரிடம் நடந்துகொண்டது தன்னிச்சையானது, சட்டவிரோதம் என்று பிரித்துச் சொன்னது.

நிழல்வரி எழுதியது:

1999-ல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் இதற்கெல்லாம் வரைவு விதிகள் எழுதிவைத்திருக்கிறது. பிரியும் நாளில் எந்த மண்ணில் வழக்கமாக வசிக்கிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை அவருக்கு உண்டு என்று தொடங்குகிறது, யாரையும் நாடற்றவராக விடக்கூடாது என்கிறது. நல்ல வரைவு. வரைவாகவே இருக்கிறது.

மூன்றாம்பிறை எழுதியது:

எரித்திரியா விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு சந்தேகம். ஸ்காட்லாந்து வாக்கெடுப்பில் யாருக்கெல்லாம் வாக்கு இருந்தது? அங்கே பிறந்தவர்களுக்கா, வசித்தவர்களுக்கா?

நிழல்வரி எழுதியது:

வசித்தவர்களுக்கு. 16 வயது ஆனவர்கள், அங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் எல்லோரும் வாக்களித்தார்கள். எடின்பரோவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவருக்கு வாக்கு இல்லை. ஆனால் வெள்ளை அறிக்கைப்படி அவர்தான் தானாகக் குடிமகன் ஆகியிருப்பார். வாக்களித்த போலந்துக்காரர் விண்ணப்பம் போட வேண்டியிருந்திருக்கும்.

மூன்றாம்பிறை எழுதியது:

இதை நண்பருக்கு அனுப்பினேன். "அப்போ நான் ஜெயித்தேனா இல்லையா?" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.